காருக்கு அளவெடுப்பவர்

“மூச்ச இழுத்துப் பிடிக்காத. சாதாரணமா நில்லு.”

சித்தப்பா இதைச் சொல்வது காரிடம். பம்பருக்கு முன்னால் முழங்காலிட்டு, இஞ்ச் டேப்பின் ஒரு முனையை இடது விளக்குக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை வலது விளக்கு வரை இழுக்கிறார். கார் அடக்கமாக நிற்கிறது. அவர் கடையில் அளவு கொடுக்கும் ஆண்கள் யாரும் இவ்வளவு அடக்கமாக நிற்பதில்லை. டேப்பு இடுப்பைச் சுற்றியதும் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அதனால் அந்த வாக்கியம் அவர் வாயில் ஊறிப்போய்விட்டது. எதற்கு அளவெடுத்தாலும் தானாக வரும். ஒருமுறை திரைச்சீலைக்காக எங்கள் வீட்டு ஜன்னலிடமும் சொன்னார்.

சித்தப்பா தையல்காரர். பேன்ட், சட்டை, கோட்டு. யாரையும் பருத்துவிட்டீர்கள் என்று அவர் சொன்னதே இல்லை. “துணி சுருங்கியிருக்கு சார்” என்பார். தைக்கும் எதிலும் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பார். கேட்டாலும் விடுவார், கேட்காவிட்டாலும் விடுவார். “இன்னைக்கு இருக்கிற உடம்புக்குத் தைக்கக் கூடாது. நாளைக்கு வரப்போற உடம்புக்கும் சேத்துத் தைக்கணும்.” பிரிச்சு விட்டுக்கலாம் என்பது அவருடைய வாழ்க்கைத் தத்துவம். சண்டையோ, சாம்பாரில் உப்போ, எது கூடிப்போனாலும் “பிரிச்சு விட்டுக்கலாம் விடு” என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கப் போய்விடுவார்.

கடைக்குப் பின்னால் வீடு. வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. அதற்குள் கார். கார் சித்தியுடையது. சித்தி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். தன் சம்பளத்தில் தானே போய்ப் பார்த்து, தானே பிடித்து வாங்கிய கார். சின்ன வண்டி, அதைவிடச் சின்ன எஞ்சின். நான்கு பேர் உட்கார்ந்தால், ஏசியை அணைத்தால்தான் மேம்பாலம் ஏறும். ஒருநாள் அப்படி ஏறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்த சைக்கிள்காரர் ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “கொஞ்சம் தள்ளட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். கேலி செய்திருந்தால் சித்தப்பா சிரித்துவிட்டுப் போயிருப்பார். அந்த மனிதர் உண்மையான அக்கறையோடு கேட்டதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை.

சீக்கிரமே பழைய உதிரிப்பாகக் கடையிலிருந்து ஒரு டர்போவைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தார். புகை வெளியேறும் வேகத்திலேயே சுழன்று, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற காற்றாடி அது. திணிக்கும்போது காற்று சூடாகும். சூடான காற்று இளைத்துப்போகும். அதைக் குளிரவைத்து, மறுபடி கொழுக்கவைத்து எஞ்சினுக்குள் அனுப்ப ஒரு பெட்டி வேண்டும். அதன் பெயர் இன்டர்கூலர். பார்க்க ரேடியேட்டரின் தம்பி மாதிரி இருக்கும். அழுத்தம் கொஞ்சம்தான் வைக்கப்போகிறார் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. “நம்மது டைட் ஃபிட் இல்ல, பட்டதாரி. கம்ஃபர்ட் ஃபிட். போட்டுக்கிட்டுக் கையத் தூக்கினா எங்கயும் பிடிக்காது.”

பட்டதாரி என்பது நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள். படித்தது வரலாறு. ஆனாலும் மிக்ஸி சுற்றாவிட்டாலும் பல்லி கத்தினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். “காத்து சூடானா ஏன் இளைக்குது? படிச்ச புள்ள, சொல்லு” என்று சித்தப்பா கேட்டபோது, தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அதுக்குப் பல காரணம் இருக்கு சித்தப்பா” என்றேன். தேர்வுத் தாளில் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே நான் பல பக்கங்கள் ஓட்டியிருக்கிறேன். அவர் தலையை ஆட்டினார். “நானும் அப்படித்தான் நினைச்சேன்.”

இன்டர்கூலரை எங்கே வைப்பது என்பதுதான் இப்போது வீட்டின் ஒரே பேச்சு. எஞ்சினுக்கு மேலே வைக்கலாம். ஆனால் காற்று வர பானெட்டில் ஓட்டை போட வேண்டும். “தொப்பிக்கு மேல பாக்கெட் வச்ச மாதிரி இருக்கும்” என்று அதைத் தள்ளிவிட்டார். முன்சக்கரத்துக்கு முன்னால், பக்கவாட்டில் ஒரு சந்து இருக்கிறது. “அது கக்கம். கக்கத்துல எங்க காத்து வரும்?” மிச்சம் இருப்பது பம்பருக்குப் பின்னால், நேர் முன்பக்கம். அங்கேதான் காத்து ஜம்மென்று வரும் என்பது அவர் கட்சி.

கட்சிக்கு ஆதாரம் வேண்டுமே. வண்டியைப் பிரிப்பதற்கு முன்பு, பம்பரிலிருந்து கண்ணாடி வரை கலர் கலராக நூல் துண்டுகளை ஒட்டினார். சித்தி அதோடுதான் வேலைக்குப் போனார். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எந்த நூல் நிமிர்கிறது, எது படுக்கிறது என்று பார்த்து வந்தேன். பட்டம் வாங்கிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை. பம்பரின் சிவப்பு நூல் துடிதுடித்தது. பானெட்டின் மஞ்சள் நூல் அசைந்துகூடப் பார்க்கவில்லை. பரிசோதனைக் கூட வாசலில் காவலாளி காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “கல்யாண வண்டிங்களா மேடம்?” என்று கேட்டார். “இல்ல, தையக்காரர் வண்டி” என்று சித்தி கதவைச் சாத்தினார்.

தெருவில் நடந்தால் சித்தப்பாவின் கண் முன்பு மனிதர்களின் தோள்களில்தான் இருக்கும், தையல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று. இப்போது முட்டி உயரத்துக்கு இறங்கிவிட்டது. நிறுத்திய கார்களின் முன்னால் குந்தி உட்கார்ந்து, பம்பரின் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார். ஒருநாள் பெரிய கார் ஒன்றின் சொந்தக்காரர் வந்துவிட்டார்.

“என்ன சார் தேடறீங்க?”

“ஒண்ணுமில்லங்க. உங்க வண்டிக்கு வாய் ரொம்ப அழகு.”

அந்த மனிதர் வண்டிக்குள் ஏறி, எல்லாக் கதவுகளையும் பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் எதிர்க்கட்சி சித்தியின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். கற்றுக்கொள்பவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகியதால், எங்கே உட்கார்ந்தாலும், அங்கே இல்லாத பிரேக்கை அவர் வலது கால் மிதித்துக்கொண்டே இருக்கும். சோபாவுக்கு முன்னால் விரித்த பாயில் அந்த இடம் மட்டும் தேய்ந்திருக்கிறது.

“மாமா, நீங்க ஊதப்போறது பலூன் அளவுக்கு. அதுக்குப் போய் இன்டர்கூலரா? நேரா ஒரு குழாய மாட்டிட்டுப் போயிட்டே இருங்க.”

“கோட்டுக்கு லைனிங் எதுக்குன்னு கேக்கறவன்கிட்ட நான் என்னத்தப் பேச” என்று சித்தப்பா என்னிடம் சொன்னார். மச்சினனிடம் நேராகப் பேசிப் பல நாளாகிறது.

இப்படியே வண்டி, டர்போ பொருத்தி, காற்றுக் குழாய் மாட்டாமல், கொட்டகையில் நின்றது. சித்தி பஸ்ஸில் போய்வந்தார். ஒரு மழை நாளில் நனைந்த சேலையோடு வந்து, குடையை மடக்காமலே கொட்டகை வாசலில் நின்று தீர்ப்பு சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை என் தம்பி வரான். அன்னைக்கு வண்டி ஓடணும். ஓடலைன்னா சாவி அவனுக்கு. ஸ்கூலுக்கு ஒரு வண்டி வேணும்னு கேட்டுட்டே இருக்கான்.”

சித்தப்பாவின் முகம் வெளிறிவிட்டது. “கண்டவன்லாம் கிளட்ச மிதிப்பானே.”

“இன்னொண்ணு. உள்ள என்ன வேணா பண்ணிக்குங்க. முகத்துல மட்டும் கத்தி வைக்கக் கூடாது. அந்த முகத்தப் பாத்துதான் இத வாங்கினேன்.”

உண்மைதான். அந்த வண்டியின் முன்பக்கம், வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு சிரிக்கும் குழந்தை மாதிரி இருக்கும்.

அதன் பிறகு சித்தப்பா கடையை மச்சினன் மீதுள்ள கோபத்தாலேயே சீக்கிரம் சாத்திவிட்டு வேலையில் இறங்கினார். பம்பருக்குப் பின்னால், குறுக்குக் கம்பிக்குக் கீழே, ஒரு மெல்லிய இடைவெளி இருந்தது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, இன்டர்கூலரின் உருவத்தில் ஒன்று செய்து உள்ளே நுழைத்துப் பார்த்தார். இடித்த இடத்தை நறுக்கினார். மறுபடி நுழைத்தார். குழாய்களுக்கும் அட்டைதான்; அவர் மொழியில் அவை கைகள், வளைவு முழங்கை. அட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். கடைசியில் அது பம்பருக்குள் போய், எங்கேயும் உரசாமல், அச்சாக உட்கார்ந்தது. சித்தப்பா இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “ஒரு சுருக்கம் இருக்கா பாரு.”

சுருக்கம் எதுவும் இல்லை.

அட்டை நைந்துபோயிருந்ததால், வெல்டரிடம் கொடுக்க நல்ல கெட்டி அட்டையில் ஒரு நகல் எடுக்கக் கடைக்குள் போனார். வெட்டு மேசையில் விரித்தார், பழைய அட்டையை மேலே வைத்தார், சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டார், பெரிய கத்திரியை எடுத்தார். ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கத்திரி பாட்டோடு போனது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஏதோ சரியில்லை என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

வெல்டர் பழைய லாரி இன்டர்கூலர் ஒன்றை அட்டை அளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் அலுமினிய மூடி வைத்துப் பற்றவைத்தார். ஞாயிறு காலையில் அதைக் குழந்தையைத் தூக்கிவருவது போல் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தோம். பம்பருக்குள் நுழைத்தோம். நுழையவில்லை. சாய்த்து நுழைத்தோம், தலைகீழாக நுழைத்தோம். இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தது.

சித்தப்பா வெல்டருக்குப் போன் போட்டார். குரல் உயர்ந்தே தொடங்கியது.

“அட்டை அளவுக்குத்தான செய்யச் சொன்னேன்?”

“அட்டை அளவுக்குத்தாங்க செஞ்சேன். ஒரு நூல் கூடவும் இல்ல, கொறச்சலும் இல்ல.”

“உள்ள சாக்பீஸ் கோடு போட்டிருந்தேனே?”

“அதுவா? எதுக்குன்னு தெரியல, தொடச்சிட்டேன்.”

“அதுதாங்க தையல் கோடு. வெளிய இருக்கறது மடிக்கறதுக்கு விட்டது.”

வெல்டர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். “அலுமினியத்த எப்படிங்க மடிக்கறது?”

சித்தப்பா போனைச் சட்டைப்பையில் போட்டார். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பது போல. நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். “பிரிச்சு விட்டுக்கலாம் சித்தப்பா” என்று ஆறுதலாகச் சொல்ல நினைத்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். விட்டுக்கொள்ள அதில் நிறையவே இருந்தது. பிடித்துச் சுருக்கத்தான் வழியில்லை.

பம்பரின் வாயை இரண்டு பக்கமும் இரண்டு விரல் வெட்டினால் உட்கார்ந்துவிடும். அது எனக்கே தெரிந்தது. அவர் ரம்பம் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. சித்தி காபியோடு வந்தபோது, இன்டர்கூலர் தரையில் கிடக்க, அவர் ஒரு நேர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. இந்தக் குழாய மாட்டினா இன்னைக்கே ஓடும். இவ்வளவு கம்மி அழுத்தத்துக்கு இன்டர்கூலரே வேணாம். உன் தம்பி சொன்னது சரிதான்.”

சித்தி டம்ளரைக் கீழே வைத்தார். “என்ன சொன்னீங்க?”

“உன் தம்பி சொன்னது சரின்னேன்.”

சித்தி என்னைப் பார்த்தார். “இவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” நான் அட்டை, சாக்பீஸ், பாட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி குனிந்து இன்டர்கூலரைப் பார்த்தார், பம்பரைப் பார்த்தார், தரையிலேயே உட்கார்ந்துகொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் பேச்சு வந்தது.

“அவன் சின்ன வயசுல ஒருதடவ மழை வரும்னு சொன்னான், வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அதச் சொல்லிக் காட்டறான். இதுவும் அவன் சொன்னபடி ஆச்சுன்னா, நீங்க மெஷின மிதிக்கப் போயிடுவீங்க. ஆயுசு முழுக்கக் கேக்கப்போறது நான்தான். வெட்டுங்க.”

“முகம்...”

“தெரியுது. பிசிறு தெரியாம வெட்டுங்க.”

“ஓரத்துக்கு ரப்பர்ல பைப்பிங் குடுத்துடறேன்.”

“குடுங்க. அவன் மத்தியானம் வந்துடுவான்.”

பம்பரைக் கழற்றி வைத்து வெட்டலாமே என்றேன். கழற்றினால் அளவு மாறிவிடும், உடம்பில் இருக்கும்போதே வெட்ட வேண்டும் என்றார். கோடு போட்டார், இந்த முறை ஒரே கோடு. ரம்பத்தை எடுத்துக்கொண்டு முழங்காலிட்டார். ரம்பத்தின் பல்லைப் பம்பரின் மேல் வைத்தார். எடுத்தார். எழுந்து கடைக்குள் போய், சட்டைத் துணியில் ஒரு நீளத்தைச் சர்ரென்று கிழித்துக்கொண்டு வந்தார். அதை வண்டியின் இரண்டு விளக்குகளின் மேலும் படும்படி, கண்ணைக் கட்டுவது போலச் சுற்றி, பக்கக் கண்ணாடிகளில் முடிச்சுப் போட்டார். வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது போல ஒரு பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, துணிக்கு அடியில் விரலை விட்டு, முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்.