நாலு மணி நேரத் தொட்டி

என் மனைவியின் அண்ணனுக்கு ஆலையில் ‘சுண்ணாம்பு’ என்றுதான் பெயர். அலுமினா ஆலையில் கொதிக்கக் கொதிக்க வரும் காரக் கரைசலைத் துணியில் வடிகட்டுவோம். துணி அடைக்காமலிருக்க அதன்மேல் ஒரு வெள்ளைப் பொடி படிய வேண்டும். சுண்ணாம்புப் பாலையும் அதே கரைசலையும் தொட்டியில் சேர்த்து, சூடு குறையாமல் நாலு மணி நேரம் கலக்கினால் பொடி மணி மணியாகத் திரளும். அவசரப்பட்டால் மாவாகி, காக்க வேண்டிய துணியையே அடைத்துவிடும். பதினெட்டு வருஷமாக மச்சானுக்கு அதுதான் வேலை. தொட்டிக்குத் தொட்டி கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பிடித்து, பொடி அடியில் படிகிறவரை கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். “முட்டையை அடைகாக்குறார்டா!” என்று கிண்டல் செய்வோம். மனுஷன் அசையமாட்டார்.

மேற்பார்வையாளர் பதவி ஒன்று காலியானது. அவருக்கா எனக்கா என்று ஆலையெங்கும் பேச்சு. அவருக்குத்தான் என்று எனக்கே தெரியும்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் அவருக்குப் பல்வலியில் உயிர் போனது. “மாப்ள, ரெண்டு மணி நேரம்தான் ஆயிருக்கு. இன்னும் ரெண்டு போகட்டும், குழாயில பாத்துட்டுத் தெற” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அந்தத் தொட்டிக்குப் பதிவேட்டில் இருந்தது அவர் கையெழுத்து. வடிகட்டிக்காரர்களோ பொடி கேட்டு போன் மேல் போன். குழாயாவது மண்ணாவது என்று அரை மணியில் திறந்துவிட்டேன். கெட்ட எண்ணமில்லை, வெறும் அலட்சியம். அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் ஆறு வடிகட்டியும் அடைத்து நின்றன. மறுநாள் மேலாளர் பதிவேட்டை விரித்தார். “உங்க தொட்டிதானே இது?”

மச்சான் வீங்கிய கன்னத்தோடு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறக்க எனக்கென்ன கேடு? திறக்கவில்லை.

“ஆமா சார், என் தப்புதான்” என்றார்.

பதவி எனக்கு வந்தது. “எங்கண்ணன் கை தவறாதே, எப்படிங்க?” என்று கேட்டாள் மனைவி. “ஆனைக்கும் அடி சறுக்கும்” என்றேன். சீ, நானும் ஒரு மனுஷன்!

இப்போதெல்லாம் தொட்டியைத் திறக்குமுன் குழாயையும் பதிவேட்டையும் என் மேசைக்குக் கொண்டுவருகிறார். “பாத்துக்குங்க சார்.”

இன்று தாங்க முடியவில்லை. “மச்சான், சார்னு கூப்பிடாதீங்க. அன்னைக்கு ஏன் நீங்க ஏத்துக்கிட்டீங்க?”

“எந்தங்கச்சி உங்க வீட்டுலதானே இருக்கா” என்றார். பேனாவை நீட்டினார். “கையெழுத்துப் போடுங்க சார். நீங்க போட்டாத்தான் நான் தெறப்பேன்.”