வண்டியில் ஏறினவர் சிலுவையைத் தொடக்கூடாது

ஆவடியிலிருந்து பரங்கிமலை வரைக்கும் தவக்காலத்தில் நடந்தே போகிற வழக்கத்தை ஆரம்பித்தது நான்தான். வேறு யாராவது தான்தான் என்று சொன்னால் நம்பாதீர்கள். முதல் வருஷம் என்னோடு வந்தவர்கள் பதினோரு பேர். இப்போது பூந்தமல்லியில் போலீஸ்காரர் எங்களுக்காக லாரியை நிறுத்துகிறார்.

நான் பெரிய படிப்புப் படித்த சாமியார் இல்லை. ஒன்பதாவதில் தோற்றுப்போய், பாடியில் ஒரு பட்டறையில் லேத் மெஷினில் நின்றவன். குருமடத்துக்குப் போனதே இருபத்தி நாலு வயதில். லத்தீனில் கடைசி ஆள் நான். ஆனால் முதலாவதாக வந்தவர்கள் யாரும் ஓலைக் கொட்டகையாகக் கிடந்த கோயிலைக் கான்கிரீட் ஆக்கவில்லை. நான் ஆக்கினேன். சென்ட்ரிங் பலகைக்கு நானே ஆணி அடித்தேன்.

நடைக்குச் சட்டம் போட்டதும் நான். ஆளுயரச் சிலுவை ஒன்று தோள் மாறித் தோள் மாறி முன்னால் போகும், தரையில் படக்கூடாது. பின்னால் தண்ணீர் கேன்களோடு குட்டியானை லோடு வண்டி வரும். முடியாதவர் ஏறிக்கொள்ளலாம். ஆனால் ஏறினவர் அன்றைக்குச் சிலுவையைத் தொடக்கூடாது. மலையின் படிகளில் மட்டும் சிலுவை என் தோளில்தான். வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

போன வருஷம் காட்டுப்பாக்கத்தில் ஓர் அம்மா வண்டியில் ஏறினார். குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர். அறுபது வயது இருக்கும். காலில் கொப்புளம் உடைந்து செருப்பெல்லாம் ரத்தம். மலையடியில் இறங்கி என்னிடம் வந்தார்.

“ஒரே ஒரு படி தோள் குடுக்கறேன் சாமி. பொண்ணு ஆஸ்பத்திரில கீது. வேண்டிக்கினு வந்தேன்.”

“வண்டியில வந்தவங்களுக்குச் சிலுவை கிடையாதும்மா” என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். அவர் கூட்டத்தின் கடைசிக்குப் போய்விட்டார்.

இந்த வருஷம் என் முழங்கால் தேய்ந்துவிட்டது, நடக்கவே கூடாது என்றார் டாக்டர். “இரும்பையே தேய்ச்சவன் நான்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த அம்மாவும் வந்திருந்தார். மகள் எழுந்து நடக்கிறாளாம். குமணன்சாவடி தாண்டும்போது என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார்.

“இன்னா சாமி, மெட்ரோ தூணை எண்ணிக்கினு வர்றீங்களா?”

“ஜெபம் பண்ணிட்டு வரேம்மா.”

“ஜெபம் வாய்ல தான பண்ணுவாங்க? கால் ஏன் நொண்டுது?”

ஐயப்பன்தாங்கலில் கால் மடங்கிவிட்டது. இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். வண்டிக்காரர் பின்கதவைத் திறந்து, “ஏறு சாமி, யாரும் பாக்கல” என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சு நிமிஷம் கொடுங்கள் என்று நின்றேன். அஞ்சு நிமிஷம் கழித்தும் கால் ஊன்றவில்லை. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன.

“நீங்க நிக்கிற வரிக்கும் நாங்களும் நிக்கணும்” என்றார் அந்த அம்மா. “ஏறுங்க.”

ஏறினேன். தண்ணீர் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து, படி மட்டும் என் காலால்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மலையடியில் சிலுவையை என் தோளுக்குக் கொண்டுவந்தார்கள். “சாமிக்கு இன்னாத்துக்குச் சட்டம்?” என்றார் ஒருவர். அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார்.

என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “நான் வண்டியில வந்தவன். இந்த அம்மா தூக்கட்டும்.”

“போன வருசத்துக்கா, இந்த வருசத்துக்கா?” என்றார் அந்த அம்மா.

“ரெண்டுக்கும்தான்.”

சிலுவை அந்த அம்மாவின் தோளில் முன்னால் போக, நான் கடைசி ஆளாகப் படியேறினேன். நல்ல காலை வைத்து, கெட்ட காலை இழுத்து வைத்து, ஒவ்வொரு படியாக. நாற்காலியில் தூக்கிப் போகிறோம் என்று வந்தவர்களைத் துரத்திவிட்டேன். இத்தனை வருஷம் முன்னால் ஏறினவனுக்கு வானம்தான் தெரியும். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் குதிகால். வெடித்தது, பிளாஸ்திரி ஒட்டினது, மண் அப்பினது. போன வருஷம் அந்த அம்மா பார்த்தது இதைத்தான்.

உயிர்த்தெழுந்த ஆண்டவரின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அடம்பிடித்த அப்போஸ்தலரின் மலை அது. அவருடைய கோயில் வாசலில் நான் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் செய்தது போல் நான் ஜெபம் செய்ததில்லை. இதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அந்த அம்மா தண்ணீர் பாட்டிலோடு வந்தார். “சாமி, அந்தச் சட்டத்தை எடுத்துடுங்க. நான் ஒரு வருசம் பட்டாச்சு, நீங்க ஒரு வருசம் பட்டாச்சு. போதும்.”

எடுத்துவிட்டேன். போட்டதும் நான், எடுத்ததும் நான்.

இப்போது தினமும் காலையில் முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு, நான் கட்டின கோயிலை இருபது சுற்றுச் சுற்றுகிறேன். வருகிற தவக்காலத்தில் அந்த வண்டியில் என் இடத்தில் தண்ணீர் கேன் மட்டும்தான் வரும். கடைசிப் பத்துப் படிக்காவது சிலுவையை எனக்குத் தரவேண்டும் என்று அந்த அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.