சூசையின் வலை

தேவாலயப் பூசையில் பிறரன்பைப் பற்றி வாசகம் வாசிக்கிறவன் நான். ஆனாலும் என்னைப் போலவே கடலில் நண்டு பிடிக்கும் பக்கத்து வீட்டு சூசையின் வலையில் நண்டு நிறைந்தால் எனக்கு வயிறு எரியும். ஒருநாள் ஊர்காவற்றுறைக் கடலில் அவனுடைய வலை அறுந்து நீரோட்டத்தோடு போவதைக் கண்டேன். பிடித்து இழுத்து வந்திருக்கலாம். பேசாமல் கரைக்கு வந்துவிட்டேன்.

மறுவாரம் நான் காய்ச்சலில் விழுந்தேன். என் வலை இரண்டு நாளாகக் கடலிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் காலை சூசை நண்டுக் கூடையோடு வாசலில் நின்றான்.

"அண்ணை, உங்கட வலையை இழுத்தனான். விட்டால் நண்டு செத்துப்போடும்."

"உன்ர வலை?"

"அது துலைஞ்சு போச்சண்ணை. சும்மாதானே இருக்கிறன், உங்கட வலையையாவது பாப்பமெண்டு போனனான்."

இன்றுவரை அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது அவனுடைய நண்டைக் கண்டு வயிறு எரிவதில்லை. அவனுடைய மனதைக் கண்டுதான் எரிகிறது.