மகளுக்குப் பேன் பார்த்த ஞாயிறுகள்

மகள் தலையில் பேன் என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எந்த அம்மாவும் இப்படிச் சொல்ல மாட்டாள்.

விவாகரத்துக்குப் பிறகு அவள் அப்பாவோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள். கோர்ட்டு எனக்குக் கொடுத்தது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. காலையில் அவர் என் ஊர்ப்பக்கம் வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே பைக்கை நிறுத்தி இறக்கிவிடுவார், சாயங்காலம் அதே இடத்துக்கு வந்து கூட்டிப்போவார். நடுவில் என் வீட்டில் அவள் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாள். ஒன்பது வயதுப் பிள்ளை, விருந்தாளி மாதிரி தண்ணீரைக்கூடக் கேட்டுத்தான் குடிப்பாள்.

பேன் வந்த பிறகுதான் என் முன்னால் உட்கார்ந்தாள். எண்ணெய் தடவி, பேன்சீப்பால் பிடரியிலிருந்து இழுப்பேன். வெள்ளைத் துணியில் விழுவதை நகத்தில் வைத்து நசுக்கினால் சிரிப்பாள். தலையைக் கொடுத்துவிட்டால் பேச்சு தானாக வந்தது. பள்ளிக்கூடம், சிநேகிதி, சித்தி சுடும் பூரி. பூரியை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் அடுத்த முறை வந்தபோது தலை மறுபடி புழுத்துக் கிடந்தது. காதுக்குப் பின்னால் சொறிந்து சொறிந்து புண். வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை என்று அழுதாள். அப்போது என் சந்தோஷமெல்லாம் போய்விட்டது.

மருந்துக்கடைக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் சொன்னாள்: "இந்த மருந்து பேனைத்தானுங்க கொல்லும், ஈர் தப்பிச்சுக்கும். அது பொரிஞ்சு வரும், ஒரு வாரங் கழிச்சு மறுபடி போட்டுச் சீவோணும். ஊட்டுல இருக்கறவங்களும் தலையப் பார்த்துக்கோணும்."

ஒரு வாரம் கழித்து வரும் ஞாயிறு என்னுடையது அல்ல.

அன்றைக்கு நானே மருந்து போட்டு, மிச்சத்தை அவள் பையில் வைத்து அனுப்பினேன். அப்புறம் ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் அவருடைய இப்போதைய மனைவியிடமே பேசினேன்.

"ஏனுங்க, பாப்பாவோட அம்மா பேசறனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பா தலைல பேனுங்க. மருந்து பையில இருக்குது. வர்ற ஞாயித்துக்கெழமை நீங்க ஒருக்காப் போட்டுச் சீவி உடோணும்."

சண்டைக்கு வந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"நான் பார்த்துக்கறனுங்க்கா. என்ற தலையுந்தான் அரிக்குது" என்றாள். நல்லவளாக இருந்து தொலைத்தாள்.

என் ஞாயிறு வந்தது. மகள் வந்ததும் பழக்கத்தில் என் முன்னால் உட்கார்ந்தாள். புண் ஆறியிருந்தது. இரட்டைச் சடை, யாரோ பொறுமையாகப் பின்னியது. பிரித்துச் சீவினேன். துணியில் ஒன்றும் விழவில்லை. காதோரம், பிடரி, உச்சி, எங்கேயும் ஓர் ஈர்கூட இல்லை. சித்தி தினமும் உட்கார வைத்து எடுத்திருப்பாள். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுபடி பிடரியிலிருந்து சீவினேன்.

"சித்தி எல்லாத்தையும் எடுத்துட்டாங்கம்மா. எந்திரிக்கட்டுமா?"

"இரு கண்ணு, பின்னாடி ஒன்னு ஓடுது" என்றேன்.

அவள் குனிந்து கொடுத்தாள். வெறும் தலையைச் சீவிக்கொண்டே இருந்தேன்.