கொதிக்காத வேன்

ஞானஜோதியின் வேன் போடிமெட்டு மலையில் ஏறினால், மேகம் மூச்சிரைத்துக்கொண்டு பின்னால் ஓடிவரும். இது கொஞ்சம் மிகைதான். மேகத்துக்கு மூச்சிரைத்து யாரும் பார்த்ததில்லை. அதே மலையில் ஆளேற்றும் கோபிநாத்தின் ஜீப்பை வேன் முந்தியது மட்டும் சத்தியம்.

அப்பா விட்டுப்போன டீசல் வேன் அது. போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குத் தினமும் வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போவதுதான் ஞானஜோதியின் பிழைப்பு. பாதி மலையில் எஞ்சின் கொதித்து ஆவி கக்கும். ஓரங்கட்டி, தண்ணீர் ஊற்றி, ஆறும்வரை நிற்பார். அந்த வெட்கம் தாங்காமல், பூப்பாறை மெக்கானிக் ஜிபியிடம் விட்டு எஞ்சினை இறக்கினார். புது பிஸ்டன், புது ரிங், ரேடியேட்டர் அடைப்பும் எடுத்தாயிற்று. இப்போது ஒரே மூச்சில் மெட்டுக்குப் போய்விடுகிறது.

ஆனால் பெண்கள் ஒவ்வொருவராக, பாதி மலையில் கொதித்து நிற்கும் கோபிநாத்தின் ஓட்டை ஜீப்புக்கு மாறினார்கள். பாதி இருக்கை காலி. இப்படியே போனால் தோட்டத்து ஓட்டமே ஜீப்புக்குப் போய்விடும். வேகம் பயமாக இருக்கிறதோ என்று மெதுவாக ஓட்டினார். டீசல் வாடையோ என்று ஊதுபத்தி கொளுத்தினார். பாட்டை மாற்றினார். ஒன்றும் பிடிபடவில்லை. ஜிபியிடமே போய் நின்றார்.

“ஜோதியண்ணா, எஞ்சின் பூ மாதிரி ஓடுது. ஆளு வரலைங்கிறதுக்கு ரிங்கா மாத்த முடியும்?”

கடைசியில், ஜீப்புக்குக் காத்து நின்ற தோட்டத்துப் பெண் மாரீஸ்வரியை மடக்கினார்.

“என் வண்டியில என்னம்மா குறை?”

அவள் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தாள். “முந்தி வண்டி கொதிச்சு நிக்கையில நாங்க எங்கண்ணே போனோம்?”

“காத்து வாங்க.”

“காத்து வாங்கத்தான் ஆளுக்கொரு தண்ணிப் பாட்டிலோட புதருக்குப் பின்னால போனோமா?”

ஞானஜோதி தலையைச் சொறிந்தார். “நிப்பாட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“முன்சீட்டுல எங்க மாமனாரு உக்காந்திருக்காரு. நீங்களா இருந்தா சொல்லுவீகளா?”

மறுநாள் காலை, பாதி மலையில் வேன் நின்றது. ஞானஜோதி இறங்கி, பானெட்டைத் திறந்து, ஒரு குறையுமில்லாத எஞ்சினை வெகு கவலையோடு உற்றுப் பார்த்தார். “என்னப்பா, மறுபடியுமா?” என்றார் மாமனார். “ஆமாங்கய்யா, சூடு” என்றார் இவர்.

ஒரு வாரம் கழித்து மெட்டு டீக்கடையில், “எல்லாரும் என் வண்டிக்கே திரும்பிட்டாக” என்று ஜிபியிடம் நெஞ்சை நிமிர்த்தினார்.

பக்கத்தில் டீயை ஊதிக்கொண்டிருந்த மாரீஸ்வரி நிமிரவேயில்லை.

“எல்லாரும் இல்லண்ணே. ரெண்டு பேரு இன்னும் ஜீப்புலதான் போறாக. நீங்க பானெட்ட வெரசா மூடிர்றீகளாம்.”