தங்கக்கரை அட்டை

பல வருஷம் தயங்கியதை, இன்று மகள் பிரித்த பபுள்கத்தின் வாசனை எழுத வைக்கிறது. கள்ளக்குறிச்சியில் செல்வி அக்கா பெட்டிக்கடையில் பபுள்கத்தோடு கிரிக்கெட் அட்டை வரும். அபூர்வமான தங்கக்கரை அட்டைக்காகக் மற்ற பையன்களிடம் கத்தை கத்தையாக அட்டைகளை மாற்றிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கற்பூரமும் பபுள்கமும் கலந்து மணக்கும் அந்தக் கடையிலிருந்த அம்மன் படத்தின் முன் நின்று தினமும் வேண்டிக்கொள்வேன்.

நான் வளர்ந்த பிறகு, சாலைக்காகக் கடையை இடித்த அன்று அந்தப் படத்தைக் கழற்றினேன். பின்னாலிருந்து தங்கக்கரை அட்டை விழுந்தது. அதை எடுத்து, பக்கத்தில் நின்ற செல்வி அக்காவிடம் நீட்டினேன்.

“இன்னாக்கா இது?”

“நீ அம்மங்கிட்டதானடா கேட்டுக்கினு இருந்த? அதான் அவகிட்டயே குடுத்து வெச்சேன். இன்னுமா அவ உனுக்குக் குடுக்கல?”

இதை யாரிடம் சொன்னாலும், அம்மன் சாட்சியாக, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.