முனிரத்தினம் செய்த ஒரே குற்றம்

நன்றாக வேலை செய்கிற மனிதரை வேலை செய்யவிடாமல் நாற்காலியில் உட்கார வைப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நம்பிய முட்டாள் நான். இதற்காக முதுகலை வேறு படித்திருந்தேன்.

காக்களூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்குத் தகடு பாகங்கள் அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் பெர்சனல் ஆபீசராக இருந்தேன். முனிரத்தினம் அங்கே டை ஃபிட்டர். தகட்டை வெட்டி வளைக்கும் அச்சுக்கு டை என்று பெயர். அது மழுங்கினால் பாகத்தின் ஓரத்தில் பிசிறு வரும். அவர் டையைக் கழற்றி, தேய்த்து, மறுபடி ஏற்றுவார். கடம்பத்தூரிலிருந்து ரயிலில் வருவார். சங்கு ஊதும்போது பெஞ்சில் நிற்பார். பக்கத்தில் டீ வைத்தால் ஆறிப்போகும். இப்படி ஒருவரைப் பார்த்தால் நிர்வாகத்துக்குக் கை சும்மா இருக்குமா? என் சிபாரிசில் அவரைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். மேஜை, நாற்காலி, வெள்ளைச் சட்டை.

ஒரே வாரத்தில் என் அறைக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். அதைக் கேட்டதும் முகம் இன்னும் சுருங்கியது.

"என்னை பழையபடி எறக்கி உட்ருங்க சார்."

ஏன் என்றேன்.

"காலையிலேர்ந்து குந்திக்கினே கீறேன் சார். பொண்ணு பாக்க வந்தா மாதிரி கீது."

எங்கள் கம்பெனி விதிகளில் ஏறுவதற்குத் தகுதி, திறமை, சிபாரிசு என்று பல வழிகள் இருந்தன. இறங்குவதற்கு ஒரே வழி, தண்டனை. இதை விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, இருப்பதிலேயே சுலபமான குற்றம் எது என்று விசாரித்தார். டூட்டியில் தூங்குவது என்றேன். நம்பிக்கையோடு போனார்.

மறுநாள் மதியம், கம்ப்ரசருக்குப் பின்னால் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருப்பதாகச் சொல்லியனுப்பினார். கையும் களவுமாகப் பிடிக்கப் போனேன். ஆளைக் காணோம். மூன்றாவது பிரஸ்ஸின் சத்தம் சரியில்லை என்று எழுந்து போய் டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் அதே கதை.

"கண்ண மூடினாதான் சார் எல்லா மெஷினும் காதுல வந்து பேசுது" என்றார். குற்றம் செய்யக்கூட வராத ஆளை வைத்துக்கொண்டு எந்த ஆபீசர் என்ன செய்ய முடியும்? எனக்கே பேஜாராகிவிட்டது.

அப்போதுதான் யூனியன் செயலாளர் வந்து சத்தம் போட்டார். சூப்பர்வைசர் ஸ்பேனரைத் தொடுவது தொழிலாளியின் வேலையைப் பறிப்பதாகும், ஒப்பந்தத்தை மீறுவதாகும், உடனே நடவடிக்கை வேண்டும் என்றார். அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அன்றே முனிரத்தினத்துக்கு மெமோ கொடுத்தேன். குற்றம்: பணி நேரத்தில் வேலை செய்தது. உடனே ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை பழைய நீலச் சட்டையில் பெஞ்சில் நின்றார். ரிடையர் ஆகும்வரை யாராலும் அவரை அங்கிருந்து உயர்த்த முடியவில்லை.

போன மாதம் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடம்பத்தூர் போயிருந்தேன். ஒருவருக்கு எது மரியாதை என்பதை அவரையே கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், முப்பது வருட உத்தியோகத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் என்று வந்திருந்தவர்களிடம் சற்று விரிவாகவே பேசினேன். மெமோ கதையையும் சொன்னேன். அவர் மனைவி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"வேலை செஞ்சதுக்கு மெமோ குடுத்த ஆளு ஒருத்தன் கீறான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அது நீங்கதானா? சாப்ட்டுட்டுப் போங்க."